பாலர் பள்ளிப் பிள்ளை வீட்டில் தமிழ் பேச: சிங்கப்பூர்ப் பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

"தமிழ் நல்லாப் புரியும், ஆனா பதில் இங்கிலீஷ்லதான் வரும்." சிங்கப்பூரில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி சொல்வது இது. காரணத்தை வெகுதூரம் தேட வேண்டாம். ஒரு மாலைப்பொழுது, பிள்ளையிடம் தமிழில் என்னென்ன சொல்கிறோம் என்று ஒரு தாளில் குறித்துப் பாருங்கள். "வா", "உட்காரு", "சீக்கிரம் சாப்பிடு", "அதைத் தொடாத", "போதும், டிவிய நிறுத்து." இவற்றில் எதற்கும் பிள்ளை வாய் திறக்கவே வேண்டாம், சொன்னதைச் செய்தால் முடிந்தது. பள்ளியில் யார் யாரைத் தள்ளிவிட்டார்கள், டைனோசர் ஏன் இப்போது இல்லை, ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்ற பேச்செல்லாம் அதே மாலையில் ஆங்கிலத்தில் நடந்திருக்கும். ஏவுவதற்குத் தமிழ், பேசுவதற்கு ஆங்கிலம் என்று வீடு பிரிந்துவிட்டால் பிள்ளை தமிழைக் கேட்டு நடக்கப் பழகும், பேசப் பழகாது. கீழே உள்ள படிகள் அந்தப் பிரிவினையை மாற்றுவதற்கானவை. 2 வயது முதல் 6 வயது வரை, அதாவது தொடக்கநிலை 1-இல் தாய்மொழிப் பாடம் வரும் முன், செய்யக்கூடியவை.

ஆங்கிலம் பின்தங்கிவிடுமோ என்ற பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடலாம். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 32.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம் என்றார்கள். 2020-இல் அது 48.3 விழுக்காடு. தமிழைச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. பள்ளி, விளையாட்டு மைதானம், லிஃப்ட், யூடியூப் என எல்லாப் பக்கமும் ஆங்கிலம் ஊற்றுகிற ஊரில் அது தானாகவே வந்துவிடும். தமிழுக்கு இருப்பது வீடு மட்டும்தான்.

முதல் படி: மணிக்கணக்கு போடுங்கள்

இந்த வயதில் பிள்ளை ஒரு நாளில் ஏறத்தாழ 12 மணி நேரம் விழித்திருக்கும். வாரத்துக்கு 84 மணி. முழுநாள் பராமரிப்பு நிலையம் என்றால் அதில் 45 முதல் 50 மணி நேரம் அங்கே போய்விடும். மிச்சம் 35 சொச்சம். அமெரிக்காவின் மயாமி நகரில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த குழந்தைகளை 1990-களில் ஆராய்ந்தவர்கள், தாங்கள் கேட்கும் பேச்சில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக வந்த மொழியைக் குழந்தைகள் பேச முன்வருவது அரிது என்று கண்டார்கள். இதைக் கறாரான எல்லைக்கோடாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கணக்குப் போட ஒரு பிடிமானம், அவ்வளவுதான். 84-இல் ஐந்தில் ஒரு பங்கு ஏறக்குறைய 17 மணி. பள்ளி நாள்களில் தினம் ஒன்றரை மணி நேரமும், சனி ஞாயிறில் ஐந்தைந்து மணி நேரமும் சேர்ந்தால் அது வந்துவிடும்.

கணக்கு எழுதும்போது மூன்று இடங்களில் ஏமாறுவோம். பெரியவர்கள் தங்களுக்குள் பேசும் தமிழைக் கணக்கில் சேர்ப்பது ஒன்று. பிள்ளையைப் பார்த்துப் பேசியதை மட்டும் சேருங்கள். தமிழ் கார்ட்டூன் ஓடிய நேரத்தைச் சேர்ப்பது இன்னொன்று. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு மாண்டரின் பேசும் ஆள் நேரில் வந்து 12 அமர்வுகள் விளையாடிக் கதை சொன்னபோது அந்த மொழியின் ஒலிகள் பிடிபட்டன. அதே ஆட்களை வீடியோவில் காட்டியபோது ஒன்றும் ஏறவில்லை. மூன்றாவது, பணிப்பெண்ணோடு கழியும் நேரம். அவர் தமிழர் இல்லையென்றால் அந்த இரண்டு, மூன்று மணி நேரமும் ஆங்கிலம்தான். அதைக் குறை சொல்லிப் பயனில்லை, கணக்கில் கழித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

இரண்டாம் படி: யார் எந்த மொழி என்று முடிவெடுங்கள்

"ஒருவருக்கு ஒரு மொழி" என்ற முறை நூறாண்டுப் பழையது. பிரெஞ்சு மொழியியலாளர் ஜூல் ரோன்ஷா தன் மகனிடம் பிரெஞ்சும், அவர் மனைவி ஜெர்மனும் பேசி வளர்த்ததை 1913-இல் நூலாக எழுதினார். அது முதல் பெற்றோர் பலர் இதையே சரியான வழி என்று நம்புகிறார்கள். ஆனால் பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் ஏறத்தாழ 1,900 குடும்பங்களிடம் எடுத்து 2007-இல் வெளியிட்ட கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. பெற்றோர் இருவரும் வீட்டில் தங்கள் சிறுபான்மை மொழியை மட்டும் பேசிய குடும்பங்களில் அநேகமாக எல்லாவற்றிலும் பிள்ளைகள் அதைப் பேசினார்கள். ஆளுக்கொரு மொழி பேசிய குடும்பங்களில் நான்கில் மூன்றில்தான் பேசினார்கள். ஊர் மொழியான டச்சு மட்டும் எல்லாருக்கும் வந்துவிட்டது.

ஆகவே இருவருக்கும் தமிழ் தெரிந்தால், அப்பா ஆங்கிலம் அம்மா தமிழ் என்று பிரிப்பதில் லாபமில்லை. வீட்டு வாசலுக்குள் இருவரும் தமிழ், முடிந்தவரை தங்களுக்குள்ளும் தமிழ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தமிழர் அல்லாதவர் என்றால் ஆளுக்கொரு மொழி தவிர வேறு வழியில்லை. அப்போது தமிழ் தெரியாதவர் அன்றாடப் பேச்சைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது பழக வேண்டும். இல்லையென்றால் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு வாக்கியத்தையும் மொழிபெயர்க்க நேரிடும், இரண்டே வாரத்தில் எல்லாரும் ஆங்கிலத்துக்கு வந்துவிடுவார்கள். பாட்டி தாத்தா உடன் இருந்தால் அவர்களிடமும் தெளிவாகச் சொல்லுங்கள். பேரனோடு ஆங்கிலம் பேசிப் பார்க்க ஆசைப்படும் தாத்தாக்கள் நிறைய. வீட்டிலேயே நல்ல தமிழ் வைத்திருக்கும் ஆள் அவர்தான் என்பதை அவருக்கு நினைவூட்ட வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: ஏவலைப் பேச்சாக மாற்றுங்கள்

இதுதான் மையம், இதற்கே அதிக உழைப்பும். செய்யும் முறை நான்கு அசைவுகள்: பார்த்ததைச் சொல்வது, நிறுத்திக் காத்திருப்பது, பிள்ளை சொன்னதோடு ஒட்டு சேர்த்துத் திருப்பிச் சொல்வது, அதிலிருந்தே ஒன்று கேட்பது.

பேருந்து நிறுத்தத்தில்:

"அங்க பாரு, அந்த அண்ணன் ஓடி வர்றாரு." (மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள்.)
"பஸ்!"
"ஆமா, பஸ் கிளம்பப் போகுது, அதான் ஓடி வர்றாரு. ஏறிடுவாரா?"
"ஏறமாட்டாரு."
"ஏன் ஏறமாட்டாரு?"

ஐந்து எண்ணுவதைப் பெரும்பாலானோர் செய்வதில்லை. ஒரு நொடி மௌனமானாலே நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம். இரண்டு மொழிகளில் சொல் தேடும் பிள்ளைக்கு, அதிலும் வலுக்குறைந்த மொழியில் தேடும்போது, கூடுதல் நேரம் வேண்டும். காத்திருக்கும்போது முகம் பிள்ளையின் பக்கம் இருக்கட்டும், கைப்பேசியின் பக்கம் வேண்டாம்.

கேள்வியின் வகையும் முக்கியம். "இன்னிக்கு ஸ்கூல் நல்லா இருந்துச்சா?" என்றால் "ம்" என்று பதில் வரும், கதை முடிந்தது. இரண்டு வயதில் "இட்லியா, தோசையா?" என்று இரண்டு சொல்லைக் கையில் கொடுத்துக் கேளுங்கள், பதிலுக்குத் தேவையான சொல் கேள்வியிலேயே இருக்கிறது. மூன்று வயதுக்கு மேல் யார், எங்கே, அப்புறம் என்ன ஆச்சு. நான்கு வயதுக்கு மேல் ஏன், எப்படி. கேள்வியே கேட்காமல் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வது எல்லா வயதிலும் பலிக்கும். "இன்னிக்கு ஸ்கூல்ல யானை வந்து உன் சாப்பாட்டைச் சாப்பிட்டுருச்சாமே?" என்றால் மறுத்துப் பேசாத பிள்ளை இல்லை. தொடர்ந்து மூன்று கேள்விக்கு மேல் போனால் அது விசாரணை. நடுவில் உங்கள் கதையைச் சொல்லுங்கள்: "எனக்கு இன்னிக்கு ஆபீஸ்ல லிஃப்ட் நின்னுபோச்சு தெரியுமா?"

நான்காம் படி: சமையலறையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

தமிழுக்கென்று தனி வகுப்பு நேரம் ஒதுக்குவதைவிட, தினமும் தவறாமல் நடக்கும் வேலை ஒன்றைத் தமிழுக்கு எழுதி வைப்பது நிலைக்கும். குளியல், படுக்கை, பள்ளிக்குப் போகும் நடை எல்லாம் பொருந்தும். சமையலறை மட்டும் தனி ரகம், ஏனென்றால் தமிழின் வினைச்சொற்கள் அங்கே குவிந்து கிடக்கின்றன.

சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் தமிழில் முதலில் வற்றுவது வினைச்சொல். பெயர்ச்சொல் ஆங்கிலத்திலிருந்து வந்தால் பெரிய சேதமில்லை. பஸ், லிஃப்ட், பென்சில் எல்லாம் எந்த ஊர்த் தமிழிலும் உண்டு. ஆனால் "ஜம்ப் பண்ணு", "டிரா பண்ணு", "கட் பண்ணு", "மிக்ஸ் பண்ணு", "வாஷ் பண்ணு" என்று ஆரம்பித்தால், பிள்ளைக்கு "பண்ணு" என்ற ஒரே வினையை வைத்து எல்லாவற்றையும் சமாளிக்க முடிகிறது. குதி, வரை, நறுக்கு, கலக்கு, கழுவு ஆகியவை தேவையில்லாமலே போகின்றன. இதில் முக்கியமான குற்றவாளிகள் நாம்தான், பிள்ளை நம்மைப் பார்த்துத்தான் சொல்கிறது. ஒரு வாரம் பெரியவர்கள் தங்கள் "பண்ணு"வை மட்டும் கவனித்துக் குறைத்தாலே பிள்ளையின் பேச்சில் அது தெரியும்.

சமையலறையில் பிள்ளைக்குக் கையில் ஒரு வேலை கொடுங்கள், அந்த வேலையின் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். 2-3 வயதில் கறிவேப்பிலை உருவுவது, கொத்தமல்லி கிள்ளுவது, அரிசி களைவது, பயறு ஊற வைப்பது. 4 வயதில் பூண்டு உரிப்பது, சப்பாத்தி மாவு பிசைவது, உருட்டுவது, தேய்ப்பது. 5-6 வயதில் மென்மையான வாழைப்பழத்தை மழுங்கிய கத்தியால் நறுக்குவது, மோர் கடைவது, டீ வடிகட்டுவதை (ஆறிய பிறகு) செய்வது. தாளிப்பது, வதக்குவது, துருவுவது ஆகியவற்றை எட்ட நின்று பார்க்கட்டும். சொல் காதில் விழுந்தால் போதும். ஒரு தடவைக்கு இரண்டு, மூன்று புதுச் சொற்களுக்கு மேல் வேண்டாம். "பூண்டை உரி. உரிச்சுட்டியா? தோல் உரியலையா? சரி, தண்ணியில போட்டு உரிச்சுப் பார்" என்று ஒரே வினை நான்கு உருவத்தில் வருவதுதான் பாடம். அட்டையில் எழுதிக் காட்டும் சொல்லுக்கு இந்த உருவ மாற்றம் கிடைக்காது.

வேலை 15 நிமிடத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரவு ஏழு மணிக்கு அவசரச் சமையலில் இதை முயன்றால் ஏவல் தமிழ்தான் திரும்பி வரும். சனிக்கிழமை காலை நல்ல நேரம். ஈரச்சந்தைக்குக் கூட்டிப்போய் வந்தால் பேச்சு தானாக நீளும்.

ஐந்தாம் படி: ஆங்கிலத்தில் பதில் வந்தால்

"அம்மா, ஐ டிராப்ட் இட்!" என்று பிள்ளை சொல்கிறது. நம்மிடம் ஐந்து வழிகள் உண்டு. வீட்டில் இருமொழிப் பேச்சை ஆராய்ந்த எலிசபெத் லான்சா 1990-களில் வகுத்துக் காட்டியவை இவை:

1. புரியாதது போல் "என்ன?" என்பது.
2. ஊகித்துக் கேட்பது: "கீழ போட்டுட்டியா?"
3. பிள்ளை சொன்னதைத் தமிழில் திருப்பிச் சொல்வது: "ஓ, கை தவறி விழுந்துருச்சு."
4. ஒன்றும் கண்டுகொள்ளாமல் தமிழில் பேச்சைத் தொடர்வது: "சரி, துணி எடுத்துட்டு வா, துடைக்கலாம்."
5. நாமும் ஆங்கிலத்துக்கு மாறுவது.

மேலே உள்ளவை பிள்ளையைத் தமிழ் பேசத் தூண்டும். கீழே போகப் போக ஆங்கிலம் போதும் என்று சொல்லாமல் சொல்லும். முதல் வழி இரண்டு வயதில் வேலை செய்யும். நான்கு வயதில் செய்யாது. அம்மா அலுவலக அழைப்பில் ஆங்கிலம் பேசுவதைப் பிள்ளை தினம் கேட்கிறது, நடிப்பு எடுபடாது. இரண்டாவதே தினசரிக்கு ஏற்றது. ஊகித்துக் கேட்டால் பிள்ளை "ஆமா, போட்டுட்டேன்" என்று அந்தச் சொல்லைத் தன் வாயால் சொல்ல வழி இருக்கிறது. களைப்பாக இருக்கும் நாளில் மூன்றாவது, நான்காவது போதும். ஐந்தாவதை அழுகை, காயம், பயம் ஆகிய நேரங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அழும் பிள்ளையிடம் மொழி பார்க்க வேண்டாம்.

"தமிழ்ல சொல்லு!" என்ற அதட்டல் இந்தப் பட்டியலில் இல்லாததற்குக் காரணம் உண்டு. சொல்ல வந்த விஷயத்தை அது நிறுத்திவிடுகிறது. நான்கு தடவை அப்படி நின்றால் ஐந்தாம் தடவை பிள்ளை விஷயத்தையே கொண்டுவராது. விருந்தாளிகள் முன் "எங்க, மாமாவுக்குத் தமிழ்ல பேசிக் காட்டு" என்பது அதைவிட மோசம்.

பள்ளிக் கதை மட்டும் எப்போதும் ஆங்கிலத்தில் வருவது இயல்பு. நடந்தது ஆங்கிலத்தில், சொற்களும் ஆங்கிலத்தில். இதற்கு ஒரு முன்னேற்பாடு உண்டு. பாலர் பள்ளிகளில் அந்தந்த வாரத்துக்குத் தாவரம், வாகனம், சமூக உதவியாளர்கள் போல ஒரு கருப்பொருள் இருக்கும். ஆசிரியரிடம் கேட்டால் சொல்வார். ஞாயிறு மாலையே அதைத் தமிழில் பேசிவிடுங்கள். செடி என்றால் விதை, முளை, வேர், தண்டு. பச்சைப்பயறை ஈரத்துணியில் முடிந்து வைத்தால் ஓரிரு நாளில் முளை கட்டும், பேச விஷயமும் கிடைக்கும். வாரம் முழுக்கப் பள்ளியில் கேட்பதற்குத் தமிழ்ச் சொல் ஏற்கெனவே கையில் இருக்கும். விளையாட்டுச் சண்டைக்கும் சொல் வேண்டும்: "என் முறை", "விட்டுக் குடு", "பிடுங்காத", "தள்ளிவிட்டான்", "கோபம்", "சமாதானம்."

ஆறாம் படி: பிழையை நிறுத்தாமல் திருத்துங்கள்

ஆங்கிலம் ஓங்கிய பிள்ளையின் தமிழில் வரும் பிழைகள் சில வகைக்குள் அடங்கும். "நான் பசி" என்று வந்தால் "உனக்குப் பசிக்குதா? எனக்கும் பசிக்குது" என்று சொல்லுங்கள், இரண்டாவது வாக்கியம் இல்லாவிட்டால் பிள்ளை "உனக்குப் பசிக்குது" என்று தன்னைப் பற்றியே சொல்லத் தொடங்கும். "மரம்ல குருவி" என்றால் "மரத்துலயா? மரத்துல எங்க?" "பாட்டி வந்தான்" என்றால் "பாட்டி வந்தாங்களா?" சரியான உருவம் பேச்சின் போக்கில் இரண்டு முறை காதில் விழ வேண்டும், அவ்வளவுதான். திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டாம். ழகரம் சரியாக வரவில்லையே என்று மூன்று வயதில் கவலைப்படுவதும் வேண்டாதது. தமிழ்நாட்டிலேயே பெரியவர்கள் பலர் "வாளப்பளம்" சாப்பிடுகிறார்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டு மொழியும் கலப்பது குழப்பத்தின் அடையாளம் என்பதும் தவறு. கையில் இருக்கும் சொல்லை வைத்துப் பிள்ளை வேலையை முடிக்கிறது.

ஏழாம் படி: படப்புத்தகத்தை வாசிக்காமல் பேசுங்கள்

தமிழ்ப் படப்புத்தகத்தில் "முயல் வேகமாக ஓடிச் சென்றது" என்று இருக்கும். வீட்டில் "முயல் ஓடிப்போச்சு" என்றுதான் பேசுகிறோம். எழுத்துத் தமிழை அப்படியே ஒப்பித்தால் மூன்று வயதுப் பிள்ளை எழுந்து போய்விடும். நான்கரை, ஐந்து வயது வரை பேச்சுத் தமிழிலேயே கதையைச் சொல்லுங்கள். அதன்பின் ஒரு பக்கத்தை எழுதியிருப்பது போல வாசித்து, உடனே பேச்சில் சொன்னால் இரண்டும் ஒன்றுதான் என்பது பிடிபடும்.

ஒரே புத்தகத்தை ஒரு வாரம் வைத்துக்கொள்ளுங்கள், தினம் 10 நிமிடம். முதல் இரண்டு நாள் நீங்கள் சொல்லுங்கள். மூன்றாம் நாள் வாக்கியத்தைப் பாதியில் விடுங்கள்: "ஆமை மெதுவா, மெதுவா..." ஐந்தாம் நாள் பிள்ளை உங்களுக்குச் சொல்லட்டும், நடுவில் ஆங்கிலம் வந்தால் வரட்டும், மேலே சொன்ன இரண்டாம் வழியில் பிடித்துக்கொள்ளுங்கள். நூலக வாரியத்தின் வட்டார நூலகங்களில் சிறுவர் தமிழ் நூல்கள் உண்டு. எழுத்து குறைந்து படம் நிறைந்தவற்றைத் தேர்ந்தெடுங்கள்.

எட்டாம் படி: ஊரில் இருக்கும் பாட்டியின் வீடியோ அழைப்பு

"சாப்பிட்டியா? என்ன சாப்பிட்ட? பாட்டிக்கு முத்தம் குடு." இதற்குப்பின் பிள்ளை ஓடிவிடும். அழைக்கும் முன் காட்டுவதற்கு ஒரு பொருளைக் கையில் கொடுங்கள்: பள்ளியில் செய்த பொம்மை, விழுந்த பல், புதுச் செருப்பு. பாட்டியிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அவர் பக்கத்திலும் காட்ட ஏதாவது இருக்கட்டும்: கன்றுக்குட்டி, காயப்போட்ட வடகம். 10 நிமிடம் போதும். அத்தை, சித்தி, பெரியப்பா என்று உறவைச் சொல்லியே கூப்பிடப் பழக்குங்கள். எல்லாரும் "ஆன்ட்டி", "அங்கிள்" ஆகிவிட்டால் யார் யாருக்கு என்ன வேண்டும் என்ற கதையைச் சொல்லவே வழியில்லாமல் போகும்.

ஐந்து வயதாகிவிட்டது, வீடு முழுக்க ஆங்கிலம் என்றால்

ஒரே இரவில் மாற்றாதீர்கள். பிள்ளைக்கு அது தண்டனை போலத் தோன்றும். தினமும் நடக்கும் ஒரே ஒரு பொழுதை, உதாரணமாகக் குளியலை, எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் அந்த 20 நிமிடம் மட்டும் தமிழ், "தண்ணி சுடுதா?", "முதுகைத் தேய்", "தலையைத் துவட்டு" என்ற அளவில் போதும். பிள்ளை ஆங்கிலத்திலேயே பதில் சொல்லலாம், நீங்கள் மாறாதீர்கள். மூன்றாம் வாரம் படுக்கைக் கதை. ஐந்தாம் வாரம் பள்ளிக்குப் போகும் நடை. தமிழ் மட்டுமே பேசும் ஓர் உறவினர் அல்லது அதே வயதுத் தமிழ்ப் பிள்ளை கிடைத்தால் வேகம் கூடும். இந்த வயதில் பெற்றோரைவிட விளையாட்டுத் தோழருக்குச் செல்வாக்கு அதிகம். ஏப்ரலில் நடக்கும் தமிழ்மொழி விழாவில் சிறுவர் நிகழ்ச்சிகள் இருக்கும், தோழர் தேட நல்ல இடம்.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது

இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. "தமிழை நிறுத்தினால் பேசிவிடுவான்" என்று யார் சொன்னாலும் அதற்காக நிறுத்த வேண்டாம். பாலர் பள்ளியில் சேர்ந்த முதல் சில வாரங்கள் அங்கே மௌனமாக இருப்பதும் சாதாரணம். ஆனால் 12 மாதத்தில் மழலை ஒலிகளே இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 24 மாதத்தில் "பால் வேணும்" போல இரண்டு சொல் சேர்க்கவில்லை, அல்லது ஏற்கெனவே பேசியதை எந்த வயதிலும் இழக்கிறது என்றால் தாமதிக்காமல் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். முதலில் செவித்திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியையும் கூட்டி எண்ண வேண்டும்: இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தமிழில் 30, ஆங்கிலத்தில் 25 சொல் இருந்தால் கையில் 55 சொல் இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் அது 25 என்று பதிவாகும். எனவே போகும் முன் ஒரு வாரம் பிள்ளை சொல்லும் சொற்களை மொழிவாரியாக எழுதி, ஓரிரு நிமிட வீட்டுப் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து எடுத்துச் செல்லுங்கள்.